மூன்றாம் மாடி ரோலர்

மாணவியர் விடுதி,
ஆகஸ்ட் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்காலும் அம்மாவின் தலைவலியும் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். அம்மா தானாகச் சொல்லமாட்டாள், நீங்கள் கேட்டு எழுத வேண்டும்.

இங்கே நானூறு பெண்களுக்கு ஒரே போன். நம் முறை வருவதற்குள் கால் மரத்துப் போகிறது. அப்படி நின்று பேசினாலும் நீங்கள் "ம்" என்பீர்கள், "சரி" என்பீர்கள், "அம்மாகிட்ட குடுக்குறேன்" என்பீர்கள். கையில் பேனாவைக் கொடுத்தால்தான் உங்களுக்கு வாய் திறக்கும். இருபத்தாறு வருடம் லிஃப்ட் சர்வீஸ் ஷீட் எழுதிய கை அல்லவா? அதனால் இனி கடிதம்தான்.

மூன்றாம் தேதி மாமாவோடு போ என்று எத்தனை தடவை சொன்னீர்கள். அப்பா வந்தால்தான் போவேன் என்று நான் பிடித்த அடம் வீண் போகவில்லை. ஆறு மாதமாகச் செத்துக் கிடந்த விடுதி லிஃப்டைப் பார்த்ததும் என் பெட்டியைக் கீழேயே வைத்துவிட்டு மேலே போனீர்களே, ஒன்றரை மணி நேரம் கழித்துக் கையெல்லாம் கறுப்பாக அதே லிஃப்டில் இறங்கி வந்தீர்களே, அந்தக் கதையை இங்கே இன்னும் பேசுகிறார்கள். எனக்கு ‘லிஃப்ட்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான்காம் மாடியில் இருப்பவர்கள் எல்லாரும் உங்களைக் கும்பிடுகிறார்கள்.

ஆனால் வகுப்பில் எரிச்சல். இயந்திரப் பாதுகாப்புப் பாடம் எடுப்பவர் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு வருவார், அவருக்குப் பெயரே ஸ்கேல். முதல் நாள் ஒவ்வொருவரிடமும் அப்பா என்ன வேலை என்று கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் என்றேன். "அப்ப நீ படியேறிப் பழகியிருக்க மாட்டே" என்றார். மொத்த வகுப்பும் சிரித்தது. எனக்குக் காதெல்லாம் கொதித்தது. எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு முத்தம். உங்களுக்குப் பாதி.

உங்கள் மகள்

•

வீடு,
ஆகஸ்ட் 17

அன்புள்ள பாப்பாவுக்கு,

உடல்: நலம். முழங்கால்: சத்தம் உண்டு, வலி இல்லை. அம்மாவின் தலைவலி: நீ ஊருக்குப் போன பிறகு பாதியாகக் குறைந்துவிட்டது. (இந்த வரியை அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை.) அம்மாவின் வேலை: பல் டாக்டரிடம் டோக்கன் கொடுப்பது வழக்கம்போல. நேற்று ஒருவர் வரிசையை மீறி உள்ளே நுழையப் பார்த்தாராம். அம்மா பார்த்த பார்வையில் அவருக்குப் பல்வலியே போய்விட்டது.

அந்த ஸ்கேல் வாத்தியார் மேல் கோபப்படு, தப்பில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கோபப்படாதே. முதல் வரிசையில் உட்கார்ந்து கோபப்படு.

லிஃப்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாடியின் வெளிக்கதவுக்கும் ஒரு லாக் உண்டு. கேபின் வந்து நின்றால்தான் அது கதவை விடும். அந்த லாக்கைச் சரியாக விழவைப்பது சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு ரப்பர் ரோலர். அவ்வளவுதான் சமாசாரம். அது தேய்ந்துபோனால் லாக் முழுசாக விழாது. கேபின் வேறு எங்கோ நிற்கும், கதவு இழுத்த இழுப்புக்கு வந்துவிடும். ஆகவே கதவு திறந்ததும் காலை வைக்காதே. கேபின் இருக்கிறதா என்று முதலில் பார். உன் சிநேகிதிகளுக்கும் சொல். சின்ன வயதிலிருந்து இதையே சொல்கிறீர்கள் என்று சலித்துக்கொள்ளாதே.

உன் விடுதி லிஃப்டுக்கு ஒன்றும் ஆகாது. அதை நான் பார்த்துவிட்டேன்.

அப்பா

•

மாணவியர் விடுதி,
செப்டம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா என்று ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதியே கேட்டு எழுதினேன். பதில் இல்லை. போன வாரம் நாற்பது நிமிடம் வரிசையில் நின்று போன் போட்டேன். அம்மா எடுத்தாள். அப்பா எங்கே என்றால் குளிக்கிறார் என்றாள். சாயங்காலம் நாலு மணிக்கு நீங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்? வேலை நாள்தானே?

அது இருக்கட்டும், எனக்கு ஓர் உதவி வேண்டும். தொழில் நடக்கும் இடத்தில் எழுதிய உண்மையான பதிவுத்தாள் ஒன்றைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் ஸ்கேல். மற்றவர்களெல்லாம் பெரிய தொழிற்சாலைகளுக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கென்ன குறை? நீங்கள் எழுதிய சர்வீஸ் ஷீட்டைக் காட்டினால் அவர் வாயை மூடவேண்டும். ஒரே கட்டடத்தின் மூன்று மாத ஷீட் அனுப்புங்கள். அவர் வகுப்பையே சிரிக்க வைத்த நாளை நான் மறக்கவில்லை.

சீக்கிரம் எழுதுங்கள். எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். உங்களிடமிருந்துதானே வந்தது.

உங்கள் மகள்

•

வீடு,
செப்டம்பர் 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

உடல்: நலம். அம்மா: நலம். கேட்ட ஷீட் மூன்றும் இத்துடன் இருக்கின்றன. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நகல்தான், திருப்பி அனுப்ப வேண்டாம். வேலை கொஞ்சம் அதிகம்.

ஏறும்போது பார்த்து ஏறு.

அப்பா

•

மாணவியர் விடுதி,
செப்டம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்பிக்கொள்கிறேன். நாலு வரிக் கடிதம் எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? தந்தி கொடுத்திருக்கலாம்.

ஆனாலும் இன்று உங்களைத் திட்டப் போவதில்லை. உங்கள் ஷீட்டை ஸ்கேல் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். இருபத்திரண்டு கட்டம், ஒன்றுகூட விடவில்லை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பிறகு வகுப்புக்கே சத்தமாகப் படித்துக் காட்டினார். ஜூலையில் பதினான்காம் கட்டத்தில், "மூன்றாம் மாடி லாக் ரோலர் தேய்மானம், அடுத்த சர்வீஸில் மாற்ற வேண்டும்." ஆகஸ்டில் அதே கட்டத்தில், "மூன்றாம் மாடி ரோலர் புதிது போடப்பட்டது." ஸ்கேலால் அந்த இரண்டு வரியையும் தட்டிக் காட்டி, "பாத்ததை எழுதியிருக்கார், எழுதினதைச் செஞ்சிருக்கார். பாதுகாப்புன்னா இவ்வளவுதான், புஸ்தகத்தை மூடுங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "உங்கப்பாகிட்ட என் வணக்கத்தைச் சொல்லு" என்றார்.

சிரித்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள் அப்பா. ஆகஸ்ட் மாத ஷீட்டைத் துறையின் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

இப்போதாவது ஒரு பக்கம் முழுக்க எழுதுங்கள்.

உங்கள் மகள்

•

பல் டாக்டர் கிளினிக்,
அக்டோபர் 5

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு ஒன்றுமில்லை. டோக்கன் கொடுக்கிற மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன், நடுவில் நடுவில் ஆள் வருவதால் கோணல் மாணலாக இருக்கும்.

நீ கடிதத்துக்குக் கடிதம் அப்பாவைக் கேள்வி கேட்டுத் துளைக்கிறாய். அதனால் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி, அப்பா பார்க்கிற அந்த ஆறு மாடி ஆபீஸ் கட்டடத்தில் ஒரு விபத்து. தரை துடைக்கிற அம்மா ஒருத்தி, மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவை இழுத்துத் திறந்து, வாளி வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே உள்ளே போயிருக்கிறாள். கேபின் அங்கே இல்லை. இரண்டாம் மாடியில் நின்ற கேபினின் தலையில் போய் விழுந்தாள். இடுப்பும் இடது காலும் போயிற்று. உயிர் இருக்கிறது.

அவள் துடைப்பக் கட்டையால் கதவை நெம்பித் திறந்தாள் என்று கம்பெனியில் சொல்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் என்ன அவசரமோ. அது முடிவாகிற வரைக்கும் அப்பாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நவம்பர் பன்னிரண்டாம் தேதி விசாரணை. அப்பா கையெழுத்துப் போட்ட ஷீட் சரியாக இருக்கிறது, ரோலர் புதிது என்று அதில் இருக்கிறது, அதனால் அவருக்கு ஒன்றும் வராது என்று சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு மனுஷி விழுந்துவிட்டாளே என்ற வருத்தம்தான். நீ இதைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்காதே.

அம்மா

•

மாணவியர் விடுதி,
அக்டோபர் 9

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை.

அம்மாவின் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே அறிவிப்புப் பலகைக்குப் போனேன். இரண்டு வாரமாகத் தினமும் பார்க்கிற தாள். கட்டங்களைப் பார்த்தேனே தவிர மேலே தேதியைப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் 3. வந்த நேரம் காலை பத்து மணி. போன நேரம் பன்னிரண்டு.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு நீங்கள் என்னோடு பஸ்ஸில் இருந்தீர்கள். ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மடியில் வைத்திருந்தீர்கள். பதினொரு மணிக்கு விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டீர்கள். போய்ப் பார்த்தேன், இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு கையெழுத்து, ஒரே நாள், நடுவில் நூறு மைல்.

ரோலரை யார் போட்டது? யாருமே போடவில்லை, இல்லையா? இருபத்திரண்டு கட்டத்தையும் முதல் நாளே உட்கார்ந்து நிரப்பியிருக்கிறீர்கள். நடக்காத வேலையை இவ்வளவு அழகான கையெழுத்தில் எழுத உங்களால் முடியும் என்று எனக்குத் தெரியாது. நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் பெருமை அடித்தேன். வாத்தியார் வணக்கம் சொல்லி அனுப்பினார்.

அந்த அம்மா கட்டையால் நெம்பவில்லை. கதவு இழுத்த இழுப்புக்கு வந்திருக்கும். நீங்களே ஆகஸ்ட் பதினேழாம் தேதி எழுதியிருக்கிறீர்கள், எப்படி வரும் என்று. இப்போது அவள்மேல் பழியைப் போடுவதற்கு உங்கள் ஷீட்தான் சாட்சி. அது உண்மை என்றால் அவள் பொய்க்காரி. அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், நீங்கள் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் சொல்வது தப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரே வரி போதும். நம்பிவிடுகிறேன்.

மகள்

•

வீடு,
அக்டோபர் 21

மகளுக்கு,

நீ எதிர்பார்த்தவர் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கும், இவ்வளவு வாய் பேசுகிறாயே.

உன் கடிதத்தை அவர் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனவர் மத்தியானம் வரைக்கும் வரவில்லை. எதிர் வீட்டு டெய்லரிடம் கேட்டுத் தேடி, பஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைக் கூட்டி வந்தேன். உனக்கு இப்போது திருப்தியா?

கேட்டுக்கொள். அந்த மூன்றாம் தேதிக்கு அவர் லீவு கேட்டார். ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். மாமா கூட்டிப்போகிறார் என்று உன்னிடம் சொன்னோம். நீ என்ன செய்தாய்? இரண்டு நாள் சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாய். அப்பா வராவிட்டால் படிக்கவே போகமாட்டேன் என்றாய். அவர் மறுபடியும் போய்க் கெஞ்சினார். "ஷீட்டை இன்னிக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ, நான் பாத்துக்கிறேன்" என்றார் சூப்பர்வைசர். அந்தக் கம்பெனியில் எல்லாரும் செய்கிறதுதான் அது. ஊருக்குப் போனால், காய்ச்சல் வந்தால், முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத்தான் போவார்கள். இவர் மட்டும் இருபத்தாறு வருடத்தில் செய்ததில்லை. முதல் தடவை செய்தது உனக்காக.

இப்போது அவர் வாயைத் திறந்தால் வேலை போகும், மெக்கானிக் லைசென்ஸ் அட்டையும் போகும். பிறகு உன் படிப்பு எங்கே நிற்கும் என்று யோசித்தாயா? அந்த அம்மாவைப் பற்றி எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அவளுக்காக என் வீட்டை நானே இடிக்க முடியாது. பன்னிரண்டாம் தேதி அவர் போவார், ஷீட்டில் இருப்பதைச் சொல்வார், வருவார். நீ வாயை மூடிக்கொண்டு படி.

அம்மா

•

மாணவியர் விடுதி,
அக்டோபர் 29

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

அம்மா, உன் கடிதம் சுட்டது. சாப்பிடாமல் படுத்தது நான்தான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்காக நான் என் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம். ஆனால் நான் அறைந்துகொண்டால் அந்த அம்மாவின் கால் திரும்பி வராது. என் படிப்பைக் காட்டி என் வாயை அடைக்காதே. இங்கே எனக்குச் சொல்லித் தருவதே இப்படிப்பட்ட ஷீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான்.

அப்பா, இது உங்களுக்கு. நேற்று விடுதி லிஃப்டில் ஏதோ சத்தம் என்று எலக்ட்ரீஷியன் வந்தார். நான் உங்கள் மகள் என்று தெரிந்ததும், "உங்கப்பா எழுதி மாட்டிட்டுப் போன தாள் மேல அப்படியே இருக்கும்மா" என்றார். மோட்டார் அறைக்கு அவரோடு ஏறிப் போனேன். சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது. விடுதி விண்ணப்பத் தாளின் பின்பக்கத்தில் உங்கள் கையெழுத்து.

யாரும் கேட்கவில்லை. யாரும் சம்பளம் தரவில்லை. வேலையைச் செய்துவிட்டு எழுதாமல் இறங்க உங்களால் முடியவில்லை. "ஆகஸ்ட் 3. காலை 11.10 முதல் 12.40 வரை. பிரேக் சரிசெய்தேன். நான்காம் மாடி வெளிக்கதவு லாக் ரோலர் தேய்ந்து போயிருந்தது. புதிது போட்டேன். ரோலர்: என் பையில் இருந்தது."

அந்த ரோலர் உங்கள் பையில் எப்படி வந்தது அப்பா?

எனக்குத் தெரிந்துவிட்டது. ஜூலை ஷீட்டில் தேய்மானம் என்று எழுதினீர்கள். ஸ்டோரிலிருந்து புதிது வாங்கி வைத்திருந்தீர்கள். மூன்றாம் தேதி அங்கே போட வேண்டியதை இங்கே போட்டுவிட்டீர்கள், என் மாடியில். மூன்று மாதமாக நான் ஏறி இறங்குவது அந்த அம்மாவின் ரோலரில். நேற்றிலிருந்து படியில்தான் ஏறுகிறேன். நான்கு மாடி. மூச்சு வாங்கும்போதெல்லாம் கோபம் வருகிறது, உங்கள்மேல் பாதி, என்மேல் பாதி.

அந்தத் தாளை இத்துடன் அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. கிழித்துப் போட்டால் நீங்கள் அங்கே இல்லை என்பதற்கு வேறு தாள் சாட்சி என்னிடம் இல்லை. விடுதிப் பதிவேட்டை யாரும் வந்து கேட்கப் போவதில்லை, நானும் காட்டப் போவதில்லை. நீங்கள் எழுதியது இரண்டு தாள். எதை எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எதுவும் சொல்லமாட்டேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

மகள்

•

வீடு,
நவம்பர் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

உடல்: சுமார். முழங்கால்: வலி உண்டு. அம்மா: என்னோடு ஏழு நாள் பேசவில்லை, நேற்று "சாப்பிட வா" என்றாள்.

நீ கேட்டது சரி. கேட்ட விதம் சரியில்லை. நான் குளித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினாயே, அந்த வரி எனக்கு இன்னும் ஆறவில்லை. பெற்றவன் என்பதால் கோபப்படவும் எனக்கு உரிமை உண்டு. அதை முதலில் எழுதிவிட்டேன். இனி மற்றது.

நீ கண்டுபிடித்ததெல்லாம் சரி. ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. ஊரிலிருந்து திரும்பிய மறுநாளே இன்னொரு ரோலர் கேட்டு ஸ்டோர் வாசல்வரை போனேன். கேட்டால், முதல் ரோலர் எங்கே என்பார்கள். போட்டாயிற்று என்று ஷீட் சொல்கிறது. என் கையெழுத்தே என்னை வாசலில் நிறுத்திவிட்டது. அடுத்த மாதம் வேறு கட்டடத்துக்கு என்று சொல்லி வாங்கிவிடலாம், அதுவரை தாங்கும் என்று திரும்பி வந்தேன். பதினெட்டு நாள் தாங்கியது. அந்தப் பதினெட்டு நாளில் நான்கு தடவை அந்தக் கட்டடத்து வழியாகப் போனேன். உள்ளே போய், மூன்றாம் மாடியில் லிஃப்ட் பழுது என்று ஒரு அட்டை எழுதித் தொங்க விட்டிருக்கலாம். இருபத்தாறு வருடம் எழுதிய கைக்கு அந்த ஒரு அட்டை எழுத வரவில்லை.

அவள் விழுந்த அன்றைக்கே சூப்பர்வைசர் புது ரோலரோடு வந்தார். இப்போதே போடு என்றார். போட்டேன். பழையதைத் தூக்கி எறி என்றார். எறியவில்லை. சாப்பாட்டுப் பையின் அடியில் போட்டு வைத்திருந்தேன். எதற்கு என்று எனக்கே அன்று தெரியாது. நீ ஷீட் கேட்டபோது விசாரணைக்காக எடுத்த நகல்கள் கையில் இருந்தன, உறையில் போட்டுவிட்டேன். தேதியைக் கவனிக்காமல் போட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். தேதியைக் கவனிக்காத ஆள் நான் இல்லை. வேண்டுமென்றே போட்டேனா என்று கேட்டால் அதற்கும் எனக்குப் பதில் தெரியாது.

பன்னிரண்டாம் தேதி பழைய ரோலரையும் நீ அனுப்பிய தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டையும் அதிகாரியின் மேசையில் வைத்தேன். "ஷீட்டில் இருப்பது பொய். நான் அன்றைக்கு அங்கே இல்லை. அந்த அம்மா கதவை நெம்பவில்லை" என்று சொன்னேன். சூப்பர்வைசர் எழுந்து, தான் அப்படி எழுதச் சொல்லவே இல்லை என்றார். என் பக்கம் பார்க்காமலே சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே அடித்திருப்பேன். ஆனால் கையெழுத்து அவருடையது இல்லை, என்னுடையது.

அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். மன்னிப்புக் கேட்கப் பக்கத்தில் போனேன். கையை நீட்டித் தடுத்துவிட்டாள். அந்த ரோலரை எங்கே போட்டேன் என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. எல்லார் முன்னாலும் கேட்டாள்: "உன் பொண்ணு இருக்குற இடத்துல கதவு நல்லா பூட்டுதா?"

"பூட்டுதும்மா" என்றேன்.

"போ" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள்மேல் தப்பு இல்லை என்று அதிகாரி எழுதிவிட்டார். அவளுடைய வைத்தியமும் பிழைப்பும் இனி கம்பெனியின் பொறுப்பு. எனக்கு வேலை இல்லை. மெக்கானிக் அட்டையை இரண்டு வருடத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாளையிலிருந்து பம்பு மோட்டார் பழுது பார்க்கிற கடையில் உட்காருகிறேன். அங்கே ஷீட் எழுதுகிற வழக்கம் இல்லை. நீ படிப்பை நிறுத்துகிறேன், வேலைக்குப் போகிறேன் என்று வீர வசனம் பேசாதே. அம்மா டோக்கன் மேசையில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்காரப் போகிறாள். அதை அவளாகச் சொன்னாள், நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் தேதிக்கு ஒரு ஷீட் மறுபடியும் எழுதினேன். வெற்றுத்தாள் ஒன்று வீட்டில் இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வாத்தியாரிடம் கொடு. இருபத்திரண்டு கட்டத்திலும் ஒரே வார்த்தைதான், "பார்க்கவில்லை". கீழே காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் உன்னை எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். நீ காரணம் இல்லை. எனக்குத் தெரிந்து நான் அடித்தல் போட்ட முதல் ஷீட் இதுதான்.

படியில் ஏறாதே. லிஃப்டில் போ. அதற்கு இவ்வளவு ஆகியிருக்கிறது.

அப்பா

•

மாணவியர் விடுதி,
டிசம்பர் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அம்மா எனக்கு இன்னும் பதில் போடவில்லை. போடுவாள்.

குளிக்கிறீர்கள் என்று நான் எழுதியது தப்பு. மற்றதெல்லாம் தப்பு இல்லை. கோபம் இன்னும் போகவில்லை அப்பா. போகவேண்டும் என்று நான் அவசரப்படவும் இல்லை.

ஷீட்டை ஸ்கேலிடம் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். நின்றுகொண்டே இருபத்திரண்டு கட்டத்தையும் படித்தார். எல்லாம் ஒரே வார்த்தைதானே, இருந்தும் ஒவ்வொன்றாகப் படித்தார். மத்தியானம் பார்த்தேன், பலகையில் பழைய ஷீட்டுக்குப் பக்கத்தில் இதையும் குத்தி வைத்திருக்கிறார். ‘லிஃப்ட்’ என்று இப்போது என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

நீங்கள் சொன்னபடி நேற்று லிஃப்டுக்குப் போனேன். ஏறுவதற்கு முன்னால் கேபினைக் கீழே அனுப்பிவிட்டு, நான்காம் மாடியில் வெளியே நின்று கதவைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றி, இரண்டு கையாலும், எனக்கு இருக்கிற கோபம் முழுவதையும் சேர்த்து இழுத்தேன். உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டன. எதிர் அறைப் பெண்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு கொஞ்சம்கூட அசையவில்லை அப்பா. நல்ல ரோலர்.

உங்கள் மகள்